காளியண்ணன் கொண்டுபோன ரத்தம்

— இது அம்மை இல்லீங்க டாக்டரம்மா. நான் எழுதியே குடுக்கறேன். இருபத்திரண்டு வருசம் ஊரூராப் போயி அம்மை குத்துன கையிங்க இது.

— இருங்க, இருங்க. மெதுவா பேசுங்க காளியண்ணன் ஐயா. அம்மைன்னு நான் சொல்லவே இல்லையே. உங்க பொண்ணோட புகுந்த ஊர்ல இருந்து தகவல் வந்துது, கொண்டுவந்து தொத்து வார்டுல படுக்க வச்சிருக்கோம். சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா அதுதான் நடைமுறை.

— போன வருசந்தானுங்களே ஒலகத்துலயே பெரியம்மை கெடையாதுன்னு ரேடியோவுல சொன்னாங்க? என்ற புள்ளைக்கு மட்டும் அது எங்கிருந்துங்க வந்து எறங்கும்?

— சரி, அம்மை இல்லைன்னு எதை வச்சு சொல்றீங்க? உங்க வாயால கேக்கறேன். எனக்கு வயசு முப்பத்திரண்டு ஆகுது. நான் படிச்சு முடிச்சு வர்றதுக்குள்ள பெரியம்மையே ஓடிடுச்சு. புஸ்தகத்துல பாத்ததோட சரி.

— அம்மைக் கொப்புளம் ஆழத்துல உக்காருமுங்க. விரலை வச்சு அமுத்துனா தோலுக்கடியில பயிறு உருள்ற மாதிரி இருக்கும். மூஞ்சியிலயும் கையிலயும் எச்சா இருக்கும், வவுத்துல கம்மியா இருக்கும். இது அப்பிடியே தலைகீழுங்க. அக்குள்லயும் தொடை இடுக்குலயும் ஆரம்பிச்சு, செவந்து, ஓரத்துல மட்டும் சின்னச் சின்னச் சீழா வட்டங்கட்டி வெளியால போவுது. தோலுக்கு மேலாப்புலதான் இருக்குது. துணி பட்டாலே ஒடையுது. நடுவுல காஞ்சு உரியறப்பவே ஓரத்துல புதுசா கெளம்புது. அம்மையின்னா எல்லாம் ஒரே நேரத்துல பழுக்கும், ஒரே நேரத்துல காயுமுங்க.

— இதையே எங்க பெரிய டாக்டர் முன்னாடி சொல்லுவீங்களா?

— கலெக்டர் முன்னாலயே சொல்லுவேனுங்க.

— அப்பா, நான் இங்கெ உசுரோடதான் படுத்திருக்கறேன். என்ற தோலைப் பத்தி ரெண்டு பேரும் சந்தையில மாட்டைப் பாக்கற மாதிரி பேசறீங்க.

— நீ கண்ணை மூடிப் படு சாமி. காச்சல் இன்னும் எறங்கலை.

— கண்ணாத்தா, உன்கிட்டயும் கேக்கணும். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை இப்படி வந்துதுன்னு சீட்டுல எழுதியிருக்கு. எப்ப எப்ப வந்துது?

— மொதப் புள்ளைக்கு ஆறாம் மாசத்துல வந்துதுங்க. ரெண்டாவதுக்கு அஞ்சாம் மாசத்துலயே வந்துருச்சு. ரெண்டும் உள்ளயே போயிருச்சுங்க. பெத்தெடுத்தேன், ஆனா அழுகைச் சத்தம் கேக்கலை. பொறவு ஒரு மாசத்துல தோலு பளபளன்னு ஆயிரும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. இப்ப இது மூணாவதுங்க. ஏழாம் மாசம்.

— வீட்டுல யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரலையா?

— எங்க மாமியா அத்தாயின்னு பேருங்க, அவங்க கூட்டியாற உடலை. ஊட்டுக்காரரு ரிக்கு வண்டியில வடக்கே போனவரு, ஊரூராப் போர்க்கெணறு போட்டுட்டு வர ஆறு மாசமாகும். ரெண்டு தடவையும் மாட்டுச்சாளையில வேப்பந்தழை போட்டுப் படுக்க வச்சாங்க. ‘உங்கொப்பன் ஊரூராப் போயி மாரியாத்தாளைக் குத்திக் குத்தி வெரட்டுனானில்ல, அவ போக்கிடம் இல்லாம உம்மேல வந்து எறங்கியிருக்கறா’ன்னு சொன்னாங்க. தட்டத்தைத் தள்ளி வச்சுட்டுப் போவாங்க. கையைத் தொட மாட்டாங்க.

— நீங்க அதை நம்புனீங்களா ஐயா?

— பகல்ல நம்ப மாட்டேனுங்க.

— பாருங்க ரெண்டு பேரும். இது அம்மையும் இல்ல, ஆத்தாளும் இல்ல. அந்தச் சீழை எடுத்து வளத்துப் பாத்தோம், ஒரு கிருமிகூட முளைக்கல. வெறும் சீழு. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டவே ஒட்டாது. நாளைக்கே இந்த வார்டுல இருந்து மாத்திடறேன்.

— அப்பறம் எதுக்குங்க மொகத்தை அப்பிடி வச்சிருக்கறீங்க?

— இப்படிச் சீழு கட்டுற நோய் ரெண்டு இருக்கு, ஐயா. ரெண்டும் பாக்கறதுக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். ஒண்ணு மேல்தோலுக்கு அடியில மட்டும் சீழு கட்டுறது. அதுக்குத் தொழுநோய்க்குக் குடுக்கற மாத்திரையே கேக்கும். இன்னொண்ணு சொரியாசிஸ்னு செதில் நோய் இருக்குதே, அதோட முரட்டு வகை. கர்ப்பமா இருக்கறப்ப வந்துட்டா தாயும் போகும், புள்ளையும் போகும். அதுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை நல்லா ஏத்திக் குடுக்கணும். பெரிய டாக்டர் முதல் நோய்னு நெனைச்சாரு. நான் ரெண்டாவதுன்னு நெனைக்கறேன். தோலை வெட்டி எடுத்து அனுப்பினோம், ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கலாம்னு பதில் வந்துது.

— அவுரு எழுதுன மாத்திரையில என்ற புள்ளை ஒதடு நீலம் பாய்ஞ்சு கெடக்குதுங்க.

— பாத்தேன். உடம்புல ரத்த அளவும் குறைஞ்சுக்கிட்டே வருது. இன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாரு. ஆனா ஸ்டீராய்டுக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. ‘சீழோட கெடக்கற கர்ப்பிணிக்கு சந்தேகத்தை வச்சுக்கிட்டு எழுத முடியாது சௌந்திரம், ஆதாரம் கொண்டா’ன்னுட்டாரு. அவர் சொல்றதும் நியாயந்தான். தப்பாப் போச்சுன்னா பொண்ணு தாங்க மாட்டா.

— ஆதாரம் எங்கெ கெடைக்குமுங்க? சொல்லுங்க, போயி எடுத்தாரேன்.

— கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க ஐயா.

— எந்தப் பக்கமுங்க?

— இதோ. இதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். கூப்புட்டா கழுத்தைத் திருப்பாம ஆளே முழுசாத் திரும்பறீங்க. முதுகு எத்தனை நாளா இப்படி இருக்குது?

— என்ற முதுகை உடுங்க. அது கெடக்குது.

— அப்பா, சொல்லுங்க. டாக்டரம்மா சும்மா கேக்க மாட்டாங்க.

— பத்தொம்பது வயசுல புடிச்சுதுங்க. வெடியால எந்திரிக்கறப்ப பலகையை வச்சுக் கட்டுன மாதிரி இருக்கும். உக்காந்தா வலி, படுத்தா வலி. ஒரு மைல் நடந்தா சரியாயிரும். அதனாலதான் இந்த வேலை எனக்கு ஒத்துப்போச்சு. நாப்பது வயசுக்கு மேல வலி போயிருச்சு, வளையறதும் போயிருச்சுங்க.

— எங்கப்பனுக்குக் கும்புடு போடச் சொன்னா சாமியே குனியோணுமுங்க.

— நீ சிரிக்காத கண்ணாத்தா, தோலு வெடிக்கும். ஐயா, கேளுங்க. நம்ம ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்குது. அதோட மேல்தோல்ல ஆளுக்கு ஆள் வேற வேற அடையாளம் இருக்கும். அப்பா, அம்மா வழியா வர்றது. இது நம்ம ஆளு, இது அந்நியன்னு உடம்பு அதை வச்சுத்தான் பிரிச்சுப் பாக்குது. அதுல இருபத்தேழுன்னு நம்பர் வச்ச அடையாளம் ஒண்ணு இருக்கு. உங்களை மாதிரி முதுகு வெறைச்சுப் போனவங்க முக்கால்வாசிப் பேருக்கு அது இருக்கும். சொரியாசிஸோட இந்தச் சீழ் வகை இருக்கறவங்ககிட்டயும் அது மத்தவங்களை விட அதிகமா இருக்குதுன்னு வெளிநாட்டுல பாத்து எழுதியிருக்காங்க. இன்னொரு நோய்க்கு அப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை.

— அப்ப என்ற முதுகும் அவ தோலும்...

— ஒரே வேர்ல இருந்து வந்திருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். அந்த அடையாளத்தோட ஒரு நோயும் இல்லாம இருக்கறவங்களும் நிறைய இருக்காங்க. அது மட்டுமே தீர்ப்பு ஆகாது. ஆனா எடை சரிசமமா நிக்குது பாருங்க, ஒரு பக்கம் சாய அது போதும்.

*

— ஐஸ் வேண்டாங்கறீங்களா? டாக்டரம்மா, இருவது வருசமா நான் தூக்கிட்டுத் திரிஞ்சதே ஐஸ் பெட்டிதானுங்களே!

— அது தடுப்பூசி மருந்து. இது உசுரு, ஐயா. மெட்ராஸ்ல கிட்னி மாத்தறதுக்குப் பொருத்தம் பாக்கற லேப் இருக்குது, அங்கதான் இந்தச் சோதனை பண்ணுவாங்க. வெள்ளை அணு உசுரோட போய்ச் சேரணும். ஐஸ்ல வச்சா வீணாப் போயிடும். வெயில்ல சுட்டாலும் வீணாப் போயிடும். இருபத்தஞ்சு டிகிரி பக்கத்துல வச்சுக்கணும். இன்னைக்குத் தேதி மே பதினாலு, சேலத்துல வெயிலு தினமும் நாப்பதைத் தாண்டுது. போன வருஷம் வேற ஒருத்தருக்குப் பார்சல்ல அனுப்பினேன். எல்லாம் செத்துப்போய்ச் சேந்துதுன்னு கார்டு போட்டாங்க.

— நானே கொண்டு போறேன். கோயமுத்தூர்ல இருந்து வர்ற காலை ரயிலுக்குப் போனா மத்தியானத்துக்கு மேல மெட்ராசுதானுங்களே?

— போகலாம். சூட்டுக்கு என்ன பண்ணுவீங்க?

— எனக்கு ஒரு புது மண்சட்டி வேணும். மூடியோட. ஒரு சாக்குத் துணி, ஒரு டப்பா, கொஞ்சம் பஞ்சு. ஐஸ் கெடைக்காத ஊருகளுக்குப் போறப்ப நாங்க பண்ணுனதுங்க. சட்டியைச் சுத்தி ஈரத்துணி கட்டுனா காத்து பட்டுப் பட்டு உள்ளே குளுந்து கெடக்கும். ரொம்பச் சில்லுனும் ஆகாது. துணி காயாம பாத்துக்கிட்டாப் போதும்.

— இருங்க. தெர்மாமீட்டரை உள்ள வச்சு அரைமணி நேரம் பாப்போம்.

— எவ்வளவு வேணாலும் பாருங்க. கண்ணு, கையை நீட்டு. டாக்டரம்மா ரத்தம் எடுக்கட்டும்.

— ஏனுங்கப்பா, ஏன் ஆளே செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? ஆயிரக்கணக்கான பேத்தைக் குத்துன ஆளு?

— குத்தறது வேற சாமி. பாத்துக்கிட்டு நிக்கறது வேற.

— கண்ணாத்தா, ஆச்சு. உறையாம இருக்க மருந்து போட்ட குழாயி, மெதுவா ஆட்டறேன். இப்ப நீங்க உக்காருங்க ஐயா.

— நான் எதுக்குங்க?

— உங்க ரத்தமும் போகணும். பொண்ணுக்கு இருந்து உங்களுக்கும் இருந்தா, அது எந்த வழியா வந்துதுன்னு சந்தேகமே இருக்காது.

— இருந்துதுன்னா நாந்தான் அவளுக்குக் குடுத்தேன்னு ஆகுமுங்களா?

— ஆகும்.

— எடுங்க. எவ்வளவு வேணுமோ எடுங்க.

— தெர்மாமீட்டரையும் பாத்துடுவோம். வெளியில காலையிலயே முப்பத்தஞ்சு. உள்ள... ஐயா, இருபத்தாறு!

— நான் சொன்னனுங்களே.

*

— அப்பா! ரெண்டு நாளா ஒரு சேதியும் இல்லாம... டாக்டரம்மா, எங்கப்பன் வந்துட்டாருங்க! வாங்க சீக்கிரம்!

— உக்காருங்க ஐயா, தண்ணி குடிங்க. காயிதம் எங்க?

— சட்டைக்குள்ள இருக்குதுங்க. தாரேன். அதுக்கு முன்னால நடந்ததைச் சொல்லிப்போடறேன், இல்லீன்னா நெஞ்சு வெடிச்சுரும். அரக்கோணம் தாண்டி ரயிலு நின்னுபோச்சுங்க. முன்னால ஏதோ கூட்ஸ் வண்டி தடம் எறங்கிருச்சாம். ரெண்டு மணி நேரம். பொட்டல் காடு, ஒரு மரமில்லை. காத்துமில்லை. என்ற கூசாவுல தண்ணி தீந்துபோச்சு. சாக்குத்துணி ஓரம் காய ஆரம்பிச்சுருச்சு.

— அய்யோ.

— பெட்டி முச்சூடும் ஒரு கல்யாணக் கூட்டம் இருந்துது. எந்திரிச்சு நின்னு சொன்னேன். ‘ஐயா, அம்மா, இந்தச் சட்டிக்குள்ள என்ற புள்ளையோட ரத்தம் இருக்குது, உசுரோட இருக்குது, சாகறதுக்குள்ள மெட்ராஸ் சேரோணும், துணி நனைக்கத் தண்ணி வேணும்’னேன். கழுத்துத் திரும்பாத ஆளு, ஒரு பக்கம் பாத்துச் சொல்லிப்போட்டு, ஆளே திரும்பி மறுக்கா அந்தப் பக்கம் பாத்துச் சொன்னேன். பைத்தியம்னு நெனைப்பாங்கன்னுதான் நானும் நெனைச்சேன்.

— நெனைச்சாங்களா?

— மாப்பளைப் பையன் எந்திரிச்சு அவன் வச்சிருந்த தண்ணியைக் குடுத்தானுங்க. அப்பறம் ஆளாளுக்குக் கொண்டாந்தாங்க. ஒருத்தரு ஓடிப்போயி அடுத்த பெட்டியில இருந்த சர்பத்துக்காரன்கிட்ட ஐஸ்கட்டி வாங்கியாந்து சட்டிக்குள்ள போடப் போனாரு. கையைப் புடிச்சுத் தள்ளிப்போட்டேன். அப்பறம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். ஒரு பொம்பளை விசிறி எடுத்து சட்டிக்கு வீசிக்கிட்டே வந்தாங்க. புள்ளை பெத்தவளுக்கு வீசற மாதிரி.

— லேப் மூடறதுக்குள்ள போயிட்டீங்களா?

— அஞ்சுக்கு மூடறாங்க, அஞ்சடிக்கப் பத்து நிமிசம் இருக்கறப்பப் போனேன். அங்கெ ஒரு பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும், கைப்பையை மாட்டிக்கிட்டுக் கெளம்பி நின்னுது. ‘சேலத்துல இருந்தா? இந்த வெயில்லயா? எல்லாம் செத்திருக்கும் பெரியவரே’ன்னுது. ‘பாத்துப்போட்டுச் சொல்லுங்க’ன்னேன். சட்டியைத் தொறந்து பாத்துச்சு. என்னைப் பாத்துச்சு. கைப்பையைக் கழட்டி ஆணியில மாட்டிருச்சுங்க.

— அப்பா, சீக்கிரம் சொல்லுங்க.

— சொல்றேன் சாமி. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சு எண்ணுச்சு. எண்ணிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் தலையைத் தூக்கி, ‘நூத்துக்குத் தொண்ணூத்தாறு உசுரோட இருக்குது. பக்கத்துத் தெருவுல இருந்து வர்றதே இப்பிடி வராது’ன்னுது. அந்தச் சட்டியை வாங்கி மேசை மேல வச்சுக்கிச்சு. இங்கியே இருக்கட்டும்னு கேட்டுது, குடுத்துட்டேன்.

— ஐயா, முடிவு என்னாச்சு?

— வெடியால வரச் சொன்னாங்க, போனேன். கையகலத் தட்டு, அதுல அறுவது குழி, ஒவ்வொண்ணும் கடுகு அளவு. ஒவ்வொரு குழியிலயும் ஒரு அடையாளத்தைத் தேடற மருந்து இருக்குதாம். நம்ம அணுவுல அந்த அடையாளம் இருந்தா அந்தக் குழியில அது செத்துக் கறுத்துப்போயிரும். இல்லீன்னா மின்னிக்கிட்டுக் கெடக்கும். நான் அம்மை குத்துனவன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு என்னையே பாக்க உட்டுச்சுங்க. குனிய முடியாதில்லீங்க, மைக்ராஸ்கோப்புக்குக் கீழ ரெண்டு செங்கல்லு வச்சுத் தூக்கிக் குடுத்தாங்க. கண்ணாத்தா தட்டுல அந்த இருபத்தேழாம் நம்பர்க் குழி கறுத்துக் கெடந்துதுங்க. மை ஊத்துன மாதிரி. அப்பறம் என்ற தட்டை வச்சாங்க.

— வச்சு?

— அதே குழி. அதே கறுப்பு. இந்தாங்க காயிதம்.

— இருங்க, இருங்க... ஆமா. ரெண்டு பேருக்கும் பாசிட்டிவ். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. ஐயா! ஐயா, ஏன் அழறீங்க?

— நாந்தானுங்களே குடுத்திருக்கறேன். ஆத்தா குடுக்கலை, ஊரு குடுக்கலை, நான் குடுத்தது. ரெண்டு புள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோயிப் பொதைச்சவனும் நாந்தான், அதுகளைக் கொன்னதும் என்ற ரத்தந்தான்.

— அப்பா, இங்கெ பாருங்க. கழுத்து திரும்பலீன்னா ஆளே திரும்புங்க. நாலு வருசமா நான் என்ன நெனைச்சுக்கிட்டிருந்தேன்னு உங்களுக்குத் தெரியுங்களா? எங்கப்பன் ஊருக்கெல்லாம் நல்லது பண்ணுனதுக்கு, தெய்வம் என்னைப் புடிச்சு அடிக்குதுன்னு நெனைச்சேன். இனி யாருமே நல்லது பண்ணக்கூடாதுன்னு நெனைச்சேன். இப்ப அது பொய்யின்னு ஆச்சில்லீங்க? உங்க மூக்கு எனக்கு வந்திருக்குது, உங்க கோவம் வந்திருக்குது, அதுகூட இதுவும் வந்திருக்குது. உங்ககிட்ட இருந்து வந்த ஒண்ணைப் பாத்து நான் எதுக்குங்க பயப்படோணும்?

— கண்ணு...

— அழுகாதீங்க. நீங்க அழுதா கண்ணைத் தொடைக்க எட்டி வரக்கூட எனக்குத் தெம்பு இல்லை. டாக்டரம்மா, எந்த மாத்திரைங்க? கொண்டாங்க, முழுங்கறேன்.

— பெரிய டாக்டர்கிட்டப் போறேன். அஞ்சே நிமிஷம். ரெண்டு பேரும் எங்கயும் போகாதீங்க.

— நான் எங்கெங்க போறது? அவருக்குத்தான் காலு நிக்காது.

*

— சொல்லுங்க டாக்டரம்மா, எத்தனை எடைங்க? நர்ஸம்மா சொன்னாங்க, எனக்கு மறுக்காக் கேக்கோணும்.

— ரெண்டு கிலோ முந்நூறு. பத்து நாள்ல இருபது தடவை கேட்டுட்ட கண்ணாத்தா.

— இருபத்தோராவது தடவையும் கேப்பேன். அழுகையைக் கேட்டீங்களா? நேத்து வார்டையே எழுப்பிருச்சு. பக்கத்துக் கட்டில் அக்கா திட்டுனாங்க. திட்டுங்கக்கான்னேன். எனக்கு அது காதுக்கு எப்பிடி இருந்துதுன்னு அவங்களுக்குத் தெரியாதில்லீங்க.

— முதுகைக் காட்டு. ம்... சுத்தமா இருக்குது. மாத்திரையைக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும், திடீர்னு நிறுத்தக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்.

— அதை முழுங்குன மூணாம் நாளே காச்சல் எறங்குச்சே, அதை மறப்பனா? ஒரு வாரத்துல புதுக் கொப்புளமே இல்லை. அன்னைக்குப் பெரிய டாக்டர் வந்து கட்டில்கிட்ட நின்னு, ‘நான் நெனைச்சது தப்பும்மா’ன்னு சொன்னாரு பாருங்க. அவ்வளவு பெரிய மனுசன், எல்லாருக்கும் முன்னால. எனக்கு அவரு மேல மரியாதை எச்சாப் போச்சுங்க.

— எனக்கும்தான். இதை ஒரு கட்டுரையா எழுதச் சொல்லியிருக்காரு. ஆனா ஒரு குடும்பம் போதாது. பாக்க ஒண்ணு போல இருக்கற சீழ் நோய்களைப் பிரிக்கணும்னா நிறைய பேர் வேணும். அதுதான் கஷ்டம். இப்படிப்பட்டவங்க ஆஸ்பத்திரிக்கு வர்றதே இல்ல, வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிடறாங்க. அது கிடக்கட்டும், அப்பா எங்க? பேத்தி பொறந்த அன்னைக்கு வந்து பாத்தவரு, அப்புறம் ஆளே காணோம்.

— அவரா? பழைய சைக்கிளைத் துடைச்சு எடுத்துக்கிட்டுத் திரியறாருங்க. கொப்புளத்தோட நீங்க போட்டோ புடிச்சீங்களே, என்ற முதுகுப் படம், அதை உங்ககிட்ட வாங்கிட்டுப் போனாருங்களாமா?

— நாலு பிரதி கேட்டாரு, குடுத்தேன். உன்னைக் கேட்டுட்டதா சொன்னாரே.

— கேட்டாரு, கேட்டாரு. ‘மூஞ்சி தெரியலீன்னா எங்கெ வேணாலும் காட்டுங்க’ன்னேன். தம்மம்பட்டியில இருந்து திருச்செங்கோடு வரைக்கும் என்ற முதுகு ஊர்வலம் போவுதுன்னு எங்க சித்தப்பன் வந்து சொல்லிட்டுப் போறாரு.

— எதுக்கு அப்படி?

— என்னைக் கேக்கறீங்களே. அதோ, அவரே வாராரு. அப்பா! பேத்தியைப் பாக்க நேரமில்லீங்களா உங்களுக்கு?

— பாக்கறேன் சாமி, பாக்கறேன். கையைக் கழுவிட்டு வாரேன். டாக்டரம்மா, நல்லா இருக்கறீங்களா? ஒரு காரியம் பண்ணிப்போட்டேனுங்க, கோவிச்சுக்கக் கூடாது.

— என்ன காரியம்?

— அந்தக் காலத்துல எங்களுக்கு அதுதானுங்களே வேலை. ஊடு ஊடாப் போயி, படத்தைக் காட்டி, ‘இந்த மாதிரி யாருக்காச்சும் இருக்குதா’ன்னு கேக்கறது. கதவைச் சாத்துனாலும் மறுநாளு போயி நிக்கறது. அதையே மறுக்கா பண்ணுனேன். கண்ணாத்தா படத்தைக் காட்டி, ‘இது ஆத்தா இல்லை, ஒட்டாது, என்ற பொண்ணு பொழைச்சுட்டா, புள்ளையும் பொழைச்சுருச்சு’ன்னு சொன்னேன். மொத ரெண்டு நாளு ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. மூணாம் நாளு ராசிபுரம் பக்கத்துல ஒரு ஊட்டுல, பின்னால கெடந்த சாளையைக் காட்டுனாங்க. ஒரு பொண்ணு, அஞ்சு மாசம். வேப்பந்தழையில படுத்திருந்துச்சுங்க.

— கூட்டிட்டு வந்துட்டீங்களா?

— வாசல்ல என்ற தங்கச்சி மகன் லாரி நிக்குதுங்க. மொத்தம் பதினோரு பேரு. கர்ப்பிணி ரெண்டு பேரு, ஆம்பளைங்க நாலு பேரு. சில பேத்துக்கு ஒடம்பு முச்சூடும் இருக்குது, சில பேத்துக்கு உள்ளங்கை உள்ளங்காலுல மட்டும் சீழு கட்டுது. எது எதுன்னு பிரிக்கறது உங்க வேலை. ரத்தம் கொண்டுபோறது என்ற வேலை. பதினோரு சட்டி சொல்லிப்போட்டேனுங்க.

— ஐயா... பதினோரு பேரா? நான் பத்து வருஷம் இந்த ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தாலும் இத்தனை பேர் வர மாட்டாங்களே! நர்ஸ்! நர்ஸ், கட்டில் எத்தனை காலியா இருக்குன்னு பாரும்மா! எல்லாரையும் எறங்கி வரச் சொல்லுங்க ஐயா.

— பத்துப் பேரு எறங்கிட்டாங்க. பதினோராவது ஆளுதான் டிரைவர் சீட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. பன்னெண்டு வருசமா உள்ளங்கையில சீழு வந்து வந்து போகுதாமா. ஊருக்குத் தெரிஞ்சா ஒதுக்கிப்போடுவாங்கன்னு முந்தானையில சுத்தி மறைச்சே காலத்தைத் தள்ளியிருக்குது. இப்பவும் கையைக் காட்ட மாட்டேங்குது, அழுகுது.

— யாருங்கப்பா அது? நான் வேணா வந்து பேசட்டுமா? என்னைப் பாத்தா பயம் போயிரும்.

— உன்னைப் பாக்கத்தான் சாமி பயப்படுது. அது உன்ற மாமியா.

— அவங்களா...?

— அவங்கதான் சாமி.

— ... டாக்டரம்மா, அது ஒட்டாதில்லீங்க?

— ஒட்டவே ஒட்டாது கண்ணாத்தா.

— அப்ப கூட்டியாங்கப்பா. கையில சுத்தியிருக்கற துணியை அவுத்துப்போட்டு வரச் சொல்லுங்க. என்ற புள்ளையை மொதல்ல அந்தக் கையிலதான் குடுப்பேன்.